ஐபேக் குறும்படிவம்: ஏழு கேள்வியில் ஒரு வார உடலுழைப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டத்தில் யார் அதிகம் உழைக்கிறார்கள், யார் குறைவு என்று பிரித்துப் பார்க்க ஐபேக் (IPAQ, சர்வதேச உடலுழைப்புக் கேள்விப்படிவம்) நல்ல படிவம். ஒரு தனி ஆள் வாரத்துக்கு எத்தனை நிமிடம் அசைந்தார் என்று அறிய இதை நம்பாதீர்கள். பலரிடம் கேட்டு நிரப்பியிருக்கிறேன், நானே ஒரு வாரம் இடுப்பில் முடுக்கமானியை (உடல் அசைவை அளக்கும் சிறு கருவி) கட்டிக்கொண்டு நிரப்பியும் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இலவசம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடந்த 7 நாளில் கடும் உழைப்பு, மிதமான உழைப்பு, நடை ஆகியவை எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு நேரம், அப்புறம் உட்கார்ந்திருந்த நேரம், அவ்வளவுதான். நிமிடங்களை மெட் மதிப்பால், அதாவது சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல எத்தனை மடங்கு ஆற்றல் செலவாகிறது என்ற எண்ணால், பெருக்குவார்கள்: நடைக்கு 3.3, மிதத்துக்கு 4, கடுமைக்கு 8.

சிக்கல் கேள்வியில் இல்லை, நினைவில் இருக்கிறது. ஒரு அம்மாவிடம் மிதமான உழைப்பு பற்றிக் கேட்டேன். "அப்படி எதுவும் செய்யலையே, வீட்டு வேலைதான்" என்றார். படிவப்படி பூஜ்யம். சரி, நேற்று காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டதும் வீடு துடைத்தது, துணி துவைத்தது, பேரனைத் தூக்கிக்கொண்டு படி ஏறியது என்று ஒவ்வொன்றாக வந்தது, கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையவில்லை. திட்டமிட்டுச் செய்த உடற்பயிற்சி மனதில் நிற்கும். சிதறிக் கிடக்கும் வேலை நிற்காது.

இன்னொரு பக்கம், நேரத்தை முழு எண்ணாக்கிச் சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. நானும் நடைக்கு "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றுதான் எழுதினேன். கருவியில் நாளுக்கு 35 நிமிடம்தான் இருந்தது. வாரக் கணக்கில் 1386 மெட்-நிமிடம் எங்கே, 808 எங்கே! 2011-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, குறும்படிவம் கருவி அளவைவிட சராசரியாக 84 சதவீதம் கூட்டிக் காட்டுவதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 12 நாடுகளில் சோதித்து 2003-ல் வெளியான முதல் ஆய்விலேயே இது தெரிந்தது: அதே ஆள் மறுபடி நிரப்பினால் விடைகள் 0.8 அளவுக்கு (1 என்றால் முழுப் பொருத்தம்) ஒத்துப்போகின்றன, ஆனால் கருவியோடு ஒப்பிட்டால் 0.3தான். அதாவது ஒரே தவறை ஒரே மாதிரி செய்கிறோம்.

உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் ஒவ்வொரு வகையிலும் நாளுக்கு 180 நிமிடத்துக்கு மேல் சொன்னால் 180 ஆகக் குறைக்கச் சொல்கிறார்கள், மொத்தம் 960 நிமிடத்தைத் தாண்டினால் அந்த ஆளையே கணக்கிலிருந்து நீக்கச் சொல்கிறார்கள். இந்தச் சுத்திகரிப்பைச் செய்யாமல் முடிவு எழுதுபவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு குறை, ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற விதி. உலக சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டுதலில் இதைக் கைவிட்டுவிட்டது. படிவம் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

சரி, கருவி மட்டும் போதுமா? போதாது. இடுப்பில் கட்டிய முடுக்கமானிக்கு சைக்கிள் ஓட்டுவது சரியாகப் பிடிபடாது, எடை தூக்குவதும் அப்படித்தான். எந்த வேலை, எதற்காக என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். அதற்கு 27 கேள்வி உள்ள நீள்படிவமோ, உலக சுகாதார நிறுவனத்தின் 16 கேள்வி ஜிபேக் (GPAQ) படிவமோ மேல். வேலை, பயணம், ஓய்வு நேரம் என்று பிரித்துக் கேட்கும்.

இப்போது நான் செய்வது இதுதான்: முதலில் நேற்றைய நாளைக் காலையிலிருந்து இரவு வரை சொல்ல வைத்துவிட்டு, பிறகுதான் படிவத்தைத் திறக்கிறேன். முடிந்தால் சிலருக்காவது ஒரு வாரம் கருவியும் கட்டி, படிவம் எவ்வளவு கூட்டுகிறது என்று அந்தக் கூட்டத்துக்கே தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.