ஓக் காட்டில் அந்துப்பூச்சிப் பதிவு: ராபின்சன் பொறியா, ஹீத் பொறியா?

நம் நெல் வயல்களில் வைக்கப்படும் விளக்குப் பொறி, தண்டுத்துளைப்பானைக் கவர்ந்து கொல்வதற்கானது. இங்கிலாந்தின் காடுகளில் பதிவாளர்கள் வைக்கும் பொறியோ, இரவில் சிக்கிய அந்துப்பூச்சிகளை விடியலில் இனங்கண்டு, எண்ணிக் குறித்துக்கொண்டு, உயிரோடு விட்டுவிடுவதற்கானது. அங்கே பெரிதும் புழங்கும் இரண்டு பொறிகளில் உள்ளூர்க் காட்டுக்கு ஏற்றது எது என்பதில் பதிவாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ராபின்சன் சகோதரர்கள் 1950இல் அறிமுகப்படுத்திய பொறி, வட்ட வடிவத் தொட்டி. அதன் மேல் எரியும் 125 வாட் பாதரச ஆவி விளக்கைச் சுற்றிவரும் பூச்சிகள், பக்கத்திலுள்ள தகடுகளில் மோதி, புனல் வழியே உள்ளே விழுந்து, அடுக்கி வைத்த முட்டை அட்டைகளின் குழிகளில் ஒடுங்கிக்கொள்ளும். எண்ணிக்கை மட்டுமே கணக்கு என்றால் இதை மிஞ்சுவது கடினம். புனலின் வாய் குறுகலானதால் தப்பிப்பவையும் குறைவு. ஆனால் காட்டுக்குள் மின்சாரம் ஏது? ஜெனரேட்டரைச் சுமந்து சென்று, இரவெல்லாம் அதன் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சூடேறிய விளக்கின் மீது மழைத்துளி பட்டால் கண்ணாடி உடையக்கூடும் என்பதால் மேலே மறைப்பும் தேவை.

1960களில் ஜான் ஹீத் வடிவமைத்த பொறியைக் கழற்றித் தட்டையாக மடக்கிவிடலாம். 6 வாட் புற ஊதாக் குழல் விளக்குக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். பூச்சிகள் மிகக் குறைவாகவே சிக்கும். ராபின்சனுக்குப் பழகியவர்கள் முதல் காலையில் ஏமாந்துதான் போவார்கள்.

இருப்பினும் என் தேர்வு ஹீத் பொறியே. காட்டில் பூச்சிகளைக் குறியிட்டு விட்டு மீண்டும் பிடித்து, தாமஸ் மெர்க்ஸும் எலினார் ஸ்லேடும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 வாட் விளக்கு ஏறத்தாழ 30 மீட்டருக்குள் இருப்பவற்றையே ஈர்க்கிறது. ஆகவே அதில் கிடைப்பது பெரும்பாலும் அந்த இடத்தைச் சேர்ந்த பூச்சிகளின் பட்டியல். காட்டின் ஓரத்தில் ஒன்றும் அடர்ந்த பகுதியில் ஒன்றுமாக ஒரே இரவில் வைத்தால், இரண்டையும் ஒப்பிடவும் முடியும். அரிய இனம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுபவருக்கு மட்டும் ராபின்சனைப் பரிந்துரைப்பேன். வெளிச்சத்தை அவ்வளவாக நாடாத செம்பின்னிறகுப் பூச்சிகளுக்கு இரண்டுமே உதவாது. அவற்றுக்கு அந்தியில் மரத்தண்டில் வெல்லப்பாகும் பீரும் கலந்து பூசுவதே வழி.

காலை வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். அக்டோபரில் முட்டை அட்டையைப் புரட்டும்போது, பச்சையும் கறுப்புமாக மெர்வெய் டு ஜூர் என்னும் அந்துப்பூச்சி பளிச்சென்று தெரியும். அதையே லைக்கன் படர்ந்த ஓக் பட்டையில் விட்டால் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. ராபின் குருவிகள் பொறி இருக்கும் இடத்தை விரைவிலேயே கற்றுக்கொண்டு விடிவதற்குள் வந்து காத்திருக்கும். எனவே பூச்சிகளைச் சற்றுத் தள்ளி, அடர்ந்த புதருக்குள் விட வேண்டும். அடுத்தடுத்த இரவுகளில் அதே இடத்தில் பொறி வைத்தால், முதல் நாள் எண்ணியவற்றையே மறுபடியும் எண்ண நேரிடும்.

எதைத் தேர்ந்தாலும் விளக்கின் வகையையும் வாட்டையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும், ஆண்டுகளுக்கு இடையே அதை மாற்றக் கூடாது. ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பொறிகளில் இன்றும் 200 வாட் டங்ஸ்டன் விளக்கு எரிவது, பழைய எண்ணிக்கைகளோடு புதியவற்றை ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காகவே.