டைனோசர் தோண்டும் பெட்டி: சின்ன வகுப்புக்கு வாங்கலாமா?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும் பெட்டி இது. உள்ளே செங்கல் அளவில் ஒரு பிளாஸ்டர் கட்டி, பிளாஸ்டிக் உளி, சின்னச் சுத்தியல், தூரிகை, ஒரு படப் புத்தகம். கட்டியை உடைத்தால் டிரனோசோரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் வரும், பொருத்தி நிறுத்தலாம். உயிர்ச்சுவடு, அதாவது கல்லில் பதிந்து மிஞ்சிய பழங்கால உயிர்களின் அடையாளம், படிப்பிக்க வாங்கலாம்தான். ஆனால் பெட்டியை மட்டும் நம்பிப் பாடம் எடுத்தால், எலும்பு என்றால் வெள்ளைக் கட்டிக்குள் இருப்பது என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

முதல் சிக்கல் கட்டியின் இறுக்கம். தனிப் பிளாஸ்டரில் வார்த்தது, மணல் சேர்க்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை 40 நிமிடப் பாடவேளை முழுக்கத் தட்டினாலும் ஒரு விலா எலும்புதான் தெரியும். அதற்குள் உளியின் நுனி மழுங்கிவிடும். தூரிகையால் தண்ணீர் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டுச் சுரண்டினால் இலகு, தூசியும் பறக்காது. வாளியில் அமிழ்த்தினால் கட்டி சேறாகிவிடும், பிறகு தோண்ட ஒன்றும் இராது. உலர்ந்தபடி தட்டுவதென்றால் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம், வெளியே மர நிழலில் பாய் விரித்துத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பெரியது, புத்தகத்தில் இருக்கிறது. டிரைலோபைற் (ஓடுடைய பழங்காலக் கடலுயிர்), டைனோசர், மம்மத் (அழிந்துபோன யானை இனம்) மூன்றும் வேறு வேறு காலத்தவை, அவற்றை ஒரே படத்தில் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். இதை ஒரு கயிற்றால் திருத்தலாம். முற்றத்தில் 46 மீற்றர் கயிறு இழுங்கள்; ஒரு சென்ரிமீற்றர் பத்து இலட்சம் ஆண்டு, முழுக் கயிறும் பூமியின் 460 கோடி ஆண்டு. டிரைலோபைற் அழிந்த இடம் இன்றைய முனையிலிருந்து 2.5 மீற்றர். டிரனோசோரஸ் அழிந்தது 66 சென்ரிமீற்றரில். மம்மத் கடைசி 5 சென்ரிமீற்றருக்குள். மனிதர் கடைசி 3 மில்லிமீற்றர், அதைப் பிள்ளை நகத்தால் தொட்டுக் காட்டும்.

எலும்பு எப்படிக் கல்லில் பதிந்தது என்பதைப் பெட்டி சொல்லவே இல்லை. அதற்கு முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கிய மட்டி ஓடு போதும். மணல் இல்லாத குளத்துக் களிமண்ணைப் பிசைந்து, இரண்டு விரல் தடிப்பில் தட்டி, ஓட்டின் வரிப்பக்கத்தை அமுக்கி எடுங்கள். பாதிக்கு மேல் அமுக்கினால் எடுக்கும்போது விளிம்பு பிய்ந்துவிடும். மண் ஈரம் கூடினாலும் வரி பதியாது. குழியைச் சுற்றி மண்ணால் வரம்பு கட்டி, ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீருக்குள்தான் தூளைத் தூவ வேண்டும், மாறிச் செய்தால் கட்டி கட்டியாகிவிடும். வேகமாகக் கலக்கினால் குமிழி புகுந்து வார்ப்பில் ஓட்டை விழும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் விட்டால் நினைத்ததைவிட விரைவில் இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். இறுகும்போது சூடு ஏறும். பிள்ளை கையை உள்ளே வைக்கவே கூடாது. அரை மணித்தியாலத்தில் களிமண்ணைப் பிரித்தால் ஓட்டின் வரி ஒவ்வொன்றும் பிளாஸ்டரில் நிற்கும். ஓடு போய்விட்டது, வடிவம் இருக்கிறது: ஆறு வயதுப் பிள்ளைக்கு உயிர்ச்சுவட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மீதிக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துவிடும்.

பெட்டியால் உற்சாகம் பிடித்த பிள்ளை வீட்டுக்குப் போய் வளவைத் தோண்டப் பார்க்கும். வன்னியில் இதை முன்கூட்டியே சொல்லித் தடுக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. தோண்டுவது வகுப்பு மணல் தட்டில் மட்டும். மண்ணில் தெரியாத உலோகம் கண்டால் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும். இந்த எச்சரிக்கையைப் பாடத்தின் முதல் வரியாக வையுங்கள்.

வவுனியாப் பக்கத்துப் பாறையில் தேடியும் பயனில்லை. பெருஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பழம்பாறை அது, சுவடு எதுவும் மிஞ்சாது. பூநகரி, மன்னார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வேறு. மயோசீன் காலத்துக் கடலில், அதாவது டைனோசர் அழிந்து வெகுகாலம் கழித்து, படிந்தது. அதில் ஒரு துண்டை நனைத்து உருப்பெருக்கியால் பார்த்தால் சிப்பித் துண்டுகள் தெரியும். வட அமெரிக்காவில் மட்டும் கிடைத்த டிரனோசோரசை விட இது பிள்ளைக்குக் கிட்ட. இரத்தினபுரி இரத்தினக்கல் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகச் சுவடுகள் கிடைத்த கதையையும் சேருங்கள். இலங்கையில் வாழ்ந்த சிங்கத்தைப் பல்லை வைத்தே தொல்லுயிர் ஆய்வாளர் பி. இ. பி. தெரணியகல 1939 இல் விவரித்தார்.

ஏழு வயதுக்கு மேல் நாலு பிள்ளைக்கு ஒரு பெட்டி சரி. அதற்குக் கீழே மட்டி ஓடும் களிமண்ணும் போதும், பெட்டியில் காசைக் கொட்டத் தேவையில்லை. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை உள்ள வீட்டில் எலும்புத் துண்டுகளை எண்ணி மூடி வையுங்கள், வாய்க்குள் போகும் அளவு அவை.