ஃபஸ் ஃபேஸ் நகல் கிட்: பெட்டிக்கு அல்ல, டிரான்சிஸ்டருக்குக் காசு கொடுங்கள்

லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் 1966-ல் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை ‘ஃபஸ்’ எனும் முரட்டுக் கரகரப்பாக மாற்றும் கால் பெடல். அதைத் திறந்து பார்ப்பவர்கள் ‘இவ்வளவுதானா!’ என்றுதான் கேட்பார்கள். மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்துச் செய்த வட்டப் பெட்டி. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு கன்ட்ரோல். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையாண்டதால் பேர் பெற்ற இந்தப் பெடலின் பழைய அசல்கள் இன்று சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டன. டன்லப் நிறுவனம் புதிதாகச் செய்து விற்கிறது. அதுவும் வேண்டாம், கையால் கட்டிப் பார்க்கலாம் என்பவர்களுக்காக ஆன்லைனில் கிட்கள் கிடைக்கின்றன. பலகை, பெட்டி, ஸ்விட்ச், ஜாக், ஓர் உறையில் உதிரிகள், இன்னோர் உறையில் இரண்டு ஏசி 128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். இந்த வகைக் கிட்டுக்குத்தான் இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த இரண்டு டிரான்சிஸ்டரின் கெயினையும் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்ற எண்) கசிவையும் (தானாக ஒழுகும் மின்னோட்டம்) அளந்து உறைமேல் எழுதியிருந்தால் வாங்குங்கள். எழுதவில்லை என்றால் நீங்கள் வாங்குவது ஒரு நல்ல பெட்டியும் ஒரு லாட்டரிச் சீட்டும்.

காரணம் சர்க்யூட்டிலேயே இருக்கிறது. கிட்டார் சிக்னல் 2.2 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது (டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர்). அதன் கலெக்டரில் 33 கிலோ ஓம். அங்கிருந்து நேராக இரண்டாவதன் பேஸ். இரண்டாவதன் கலெக்டரில் 8.2 கே (கே என்றால் கிலோ ஓம்), 470 ஓம் இரண்டும் தொடராக. சிக்னல் அவை சேரும் இடத்தில் எடுக்கப்பட்டு 0.01 மைக்ரோ ஃபாரட் வழியாக 500 கே வால்யூமுக்கு. இரண்டாவதன் எமிட்டரில் 1 கே ஃபஸ் கன்ட்ரோல். அதன் நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்கு 20 மைக்ரோ ஃபாரட், இப்போது 22 போடுகிறார்கள். அதே எமிட்டரிலிருந்து முதல் பேஸுக்கு 100 கே திரும்பி வருகிறது. இந்த 100 கே-தான் இரண்டு டிரான்சிஸ்டரையும் ஒன்றுக்கொன்று கட்டிப்போடுகிறது. முதலாவதில் என்ன கோளாறு இருந்தாலும் இரண்டாவதில் தெரியும்.

இனி கணக்கு. 9 வோல்ட் பேட்டரி, 33 கே என்றால் முதல் டிரான்சிஸ்டரில் ஓடக்கூடியது சுமார் 250 மைக்ரோ ஆம்பியர். பேஸில் எதுவும் கொடுக்காமலே ஜெர்மானியத்தில் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். கசிவே 200 மைக்ரோ ஆம்பியர் என்றால் மிச்சம் 50-தான் உங்கள் கட்டுப்பாட்டில். இரண்டாவது டிரான்சிஸ்டர் பட்டினி கிடக்கும். அதன் கலெக்டர் 8 வோல்ட் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்பது ஃபஸ் அல்ல, தெறிப்பு. எனவே இரண்டில் கசிவு குறைந்த டிரான்சிஸ்டர் முதலிடத்துக்கு. கெயினில் முதலாவது 70-80, இரண்டாவது 110-130 என்பது இந்தப் பெடலைக் கட்டுபவர்கள் பல காலமாகக் கைக்கொள்ளும் அளவு.

மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் குழியில் செருகிப் பார்த்தால் ஏமாறுவீர்கள். அது கசிவையும் கெயினோடு சேர்த்துக் காட்டும். சரியாக அளக்க இரண்டு ரெசிஸ்டர் போதும். ஏசி 128 பிஎன்பி வகை (மின்னோட்டம் எமிட்டரிலிருந்து கலெக்டருக்கு ஓடும் வகை) என்பதால் எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள். கலெக்டரிலிருந்து மைனஸுக்கு 2.2 கே, 270 ஓம் இரண்டையும் தொடராகப் போடுங்கள். பேஸ் சும்மா தொங்கட்டும். அந்த இரண்டு ரெசிஸ்டருக்கும் குறுக்கே வோல்ட்டேஜ் பாருங்கள்: 0.25 வோல்ட் என்றால் ஏறக்குறைய 100 மைக்ரோ ஆம்பியர் கசிவு. பிறகு பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் இணையுங்கள். இரண்டாவது அளவிலிருந்து முதலாவதைக் கழித்து 100-ஆல் பெருக்கினால் உண்மையான கெயின். முதலில் 0.20, பிறகு 1.00 என்றால் கெயின் 80, கசிவு சுமார் 80 மைக்ரோ ஆம்பியர். முதலிடத்துக்கு அருமையான துண்டு. அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் பிடிக்காதீர்கள். விரல் சூட்டிலேயே எண் ஏறுவது மீட்டரில் கண்ணெதிரே தெரியும். தொட்டுவிட்டால் எண் இறங்கி நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

இந்தச் சூட்டு விஷயத்தைக் கிட்டோடு வரும் தாள்கள் கண்டுகொள்வதே இல்லை. ஜெர்மானியத்தின் கசிவு ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 20 டிகிரி அறையில் 100 மைக்ரோ ஆம்பியர் காட்டியது 35 டிகிரியில் 280 பக்கம் நிற்கும். மேலே சொன்ன 250 அதிலேயே தீர்ந்துபோச்சு. லண்டன் அறையில் பாடிய பெடல் நம்மூர் மே மாத மொட்டைமாடிக் கச்சேரியில் மூச்சுவிடத் திணறுவதற்கு இதுதான் காரணம், பேட்டரி அல்ல. நமக்கு வேண்டியது, 30 டிகிரி தாண்டிய அறையில் அளந்து 100-க்குள் நிற்கும் துண்டு. அப்படி ஒன்றைத் தேட நாலைந்து அளந்து ஒதுக்க வேண்டியிருக்கும். கிட்டில் வருவதோ இரண்டே இரண்டு!

கட்டும் வேலை ஒரு மாலைக்குள் முடியும். டிரான்சிஸ்டருக்கு சாக்கெட் வைத்துக் கட்டுங்கள். பிறகு மாற்றிப் பார்க்க வசதி. நேரடியாகப் பற்றவைத்தே ஆகவேண்டும் என்றால் காலை நீளமாக விட்டு, பற்றவைக்கும் இடத்துக்கும் உடலுக்கும் நடுவே முதலைக் கிளிப் மாட்டிச் சூட்டை உறிஞ்ச விடுங்கள். ஏசி 128-ன் உடலில் புள்ளி இருக்கும் பக்கத்துக் கால் கலெக்டர்.

அதிகம் பேர் சறுக்குவது பேட்டரியின் திசையில். இது பிளஸ் கிரவுண்ட் சர்க்யூட். பேட்டரியின் பிளஸ்தான் பெட்டியோடும் ஜாக்கின் உடலோடும் சேரும். பிளஸ்-மைனஸ் பார்த்துப் போட வேண்டிய எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களும் அதற்கேற்பத் திரும்பும்: 22 மைக்ரோவின் பிளஸ் கிரவுண்டுக்கு, 2.2 மைக்ரோவின் பிளஸ் கிட்டார் பக்கம். ஃபஸ் கன்ட்ரோலைத் திருப்பினாலும் எதுவும் மாறாமல் சத்தம் சன்னமாக வந்தால், அந்த 22 மைக்ரோவோ அதன் கிரவுண்டோ ஒட்டவில்லை என்று அர்த்தம். கால் ஸ்விட்சை 90 டிகிரி திருப்பிப் பொருத்திவிடுவதும் அடிக்கடி நடப்பது; ஒன்பது கால்களும் சதுரமாக நிற்பதால் கண்ணுக்குத் தெரியாது. மீட்டரின் பீப் சத்தம் வைத்து எந்த மூன்று கால்கள் ஒரு கூட்டு என்று பார்த்துக்கொண்டு பற்றவையுங்கள்.

அடுத்து பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் வோல்ட்டேஜைச் சரிசெய்வது. 8.2 கே இருக்கும் இடத்தில் 2.2 கே ஒன்றும், தொடராக 10 கே டிரிம்மரும் (திருகித் தடையை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) போடுங்கள். நல்ல கிட்களில் டிரிம்மருக்குப் பலகையிலேயே துளை இருக்கிறது. இல்லாத பலகையை வாங்க வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பை இரண்டாவது கலெக்டரிலும் வைத்து, மைனஸ் 4.5 வோல்ட் வரும்வரை திருகுங்கள். மைனஸ் 7.5-ஐத் தாண்டினால் ஸ்வரம் மங்கி முடியாமல் விட்டுவிட்டு அறுந்துபோகும். மைனஸ் 2-ஐ விட்டுப் பூஜ்ஜியத்தின் பக்கம் வந்தால் அமுங்கிச் சிறுத்துப்போகும். 4.5 வேத வாக்கு அல்ல, 4-க்கும் 5.5-க்கும் நடுவில் காது சொல்லும் இடத்தில் விடலாம். பெடலை வாசிக்கப்போகும் வெப்பத்திலேயே இதைச் செய்யுங்கள். ஏசி அறையில் சரிசெய்துவிட்டு வெளி மேடைக்குக் கொண்டுபோனால் உழைப்பு வீண்.

இவ்வளவும் ஒழுங்காக அமைந்தால் சத்தம்? அமர்க்களம். ஃபஸ்ஸை முழுக்க ஏற்றி வைத்து, கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்கினால் முரட்டு ஃபஸ் மறைந்து கண்ணாடி போன்ற சுத்த ஒலி வரும். இந்தச் சர்க்யூட்டின் உயிரே அதுதான். பெடலின் உள்வழித் தடை மிகவும் குறைவு; அது கிட்டாரின் பிக்கப்பை நேரடியாக இழுத்துப் பிடிப்பதால்தான் இந்தக் குணம். இதற்கு முன்னால் பஃபர் (பிக்கப்பைப் பெடலிலிருந்து பிரித்துவிடும் இடைச் சர்க்யூட்) உள்ள டியூனரையோ வேறு பெடலையோ வைத்தால் மந்திரம் போய்விடும், சத்தமும் கரகரத்துக் கிழியும். வரிசையில் முதலில் இதுவே இருக்கட்டும். வா-வா பெடலுக்குப் பின்னால் வைத்தால் ஊளையிடுவதும் இதே தடைப் பொருத்தமின்மையால்தான்.

குறை என்றால் ஒலியளவு. 470 ஓமும் 8.2 கே-யும் சேர்ந்து சிக்னலில் சுமார் 5 சதவீதத்தைத்தான் வெளியே விடுகின்றன. சில ஆம்ப்களில் பெடலை அழுத்தினால் சத்தம் கூடாமல் நிற்கும். 470-க்குப் பதில் 1 கே போட்டால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பயஸை மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஃபஸ் கன்ட்ரோலுக்கு, திருப்பத்தின் கடைசியில் தடை மெல்ல மாறும் ரிவர்ஸ் லாக் வகை நல்லது; சீராக மாறும் லீனியரில் எல்லா மாற்றமும் கடைசிக் கொஞ்சத் திருப்பத்தில் நெருக்கியடித்து நிற்கும். மற்றபடி டோன் கன்ட்ரோல், கூடுதல் கெபாசிட்டர் என்று கிட்களில் சேர்த்துத் தரும் ‘மேம்பாடு’களைத் தொடாமல் விடலாம்.

மின்சாரம் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவாகவே செலவாகும், எனவே பேட்டரியே போதும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்ற மட்டும் மறக்காதீர்கள். எல்இடி வைத்தால் மொத்தச் சர்க்யூட்டைவிட அதுதான் அதிகம் குடிக்கும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் பிளஸ் கிரவுண்டும் மைனஸ் கிரவுண்டும் மோதி நேர் ஷார்ட். அதற்காக வோல்ட்டேஜைத் திருப்பும் சிப் வைத்த கிட் வாங்குவதாக இருந்தால், சிப் டிசி 1044எஸ் அல்லது ஐசிஎல் 7660எஸ்-ஆ என்றும், அதன் முதல் கால் பிளஸ்ஸோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இணைக்காவிட்டால் மெல்லிய விசில் ஒன்று பின்னாலேயே வரும்.

அளந்த ஜெர்மானியம் கிடைக்காதவர்கள் சிலிக்கான் கிட்டுக்குப் போகலாம். ஃபஸ் ஃபேஸே பிற்பாடு பிசி 108, பிசி 183 என்று சிலிக்கானுக்கு மாறியதுதான். இன்ஜினியரிங் கல்லூரி லேபில் எல்லோரும் பார்த்த பிசி 107-கூட ஓடும். ஏ வகை கிடைத்தால் கெயின் 110-220, முதலிடத்துக்குப் பொருத்தம். பிஎன்பிக்கு நேர்எதிரான என்பிஎன் வகை என்பதால் மைனஸ் கிரவுண்ட், அடாப்டர் தொல்லை இல்லை. மே மாதம் பற்றிய கவலையும் பெரிதாக இல்லை. 470-க்குப் பதில் 330 ஓம் வரும். 33 கே-யோடு நிறக்கோடு குழம்பும், மீட்டரில் பார்த்துப் போடுங்கள். 4.5 வோல்ட் பெற டிரிம்மர் பக்கத்து மொத்தத் தடை 6.5 கே அருகில் வந்து நிற்கும். ஒலி கூர்மை அதிகம், வால்யூமை இறக்கும்போது சுத்தமாவது கொஞ்சம் குறைவு. சில இடங்களில் ரேடியோ நிலையம் பிடிக்கும். முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 பிகோ ஃபாரட் போட்டால் அடங்கும். உலோக உடல் கலெக்டரோடு சேர்ந்தது, பெட்டியில் உரசாமல் நிறுத்துங்கள்.