ஹெட்லைட் விட்டு விட்டு எரிஞ்சது: 14 மாசம் தேடி கடைசில பிடிச்ச ரெண்டு ஃபால்ட்டு

என்கிட்ட இருக்கிறது 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 2016ல செகண்ட் ஹேண்டா 61,000 கிலோமீட்டர்ல வாங்கினேன், இப்ப 1,34,000 தாண்டி ஓடிட்டு இருக்கு. இஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எதுலயும் எனக்குப் பெரிய செலவு வைக்கல. ஆனா ஹெட்லைட் விஷயத்துல மட்டும் 14 மாசம் படாத பாடு பட்டேன். விட்டு விட்டு வர்ற கரண்ட் ஃபால்ட்டு எப்படி நம்மள ஏமாத்தும், அதை எப்படி வழிக்குக் கொண்டு வரணும்னு அந்த 14 மாசத்துல கத்துக்கிட்டதை, சரி பண்ணி ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன். இதே பிரச்சனையில மாட்டிட்டு பல்பு மேல பல்பா மாத்திட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்.

2021 மழைக்காலத்துல ஆரம்பிச்சுது. நைட்டு ஊருக்குள்ள வரும்போது இடது பக்க லைட் மட்டும் திடீர்னு மஞ்சளா மங்கும், பத்து செகண்டுல பழையபடி வந்துரும். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது சில சமயம் நடக்கும், சில சமயம் நேரா போற ரோட்லயும் நடக்கும். மழைக்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குனு மட்டும் தெரிஞ்சுது, ஏன்னா மழை நாள்ல அதிகமா வந்துது. எங்கயோ தண்ணி இறங்குதுனு நான் நினைச்சேன், கடையில காட்டினப்பவும் அதேதான் சொன்னாங்க.

முதல்ல பல்பு மாத்தினேன், ஹெச் 4 பல்பு, 60/55 வாட்ஸ் (பிரைட் 60, டிம் 55). மூணு வாரம் ஒரு குறையும் இல்ல. அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுது. ஒரு கடையில ரிலே (லைட்டுக்குப் போற பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற சின்ன ஸ்விட்ச் பெட்டி) மாத்தினாங்க, ஒரு மாசம் நல்லா இருந்துச்சு. அடுத்த கடையில ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற காம்பினேஷன் ஸ்விட்ச் போயிருச்சுனு சொல்லி புதுசு போட்டாங்க, அதுக்கு மட்டும் 2,400 ரூபா. அதுவும் கொஞ்ச நாள்தான். ஒவ்வொரு தடவையும் "சரியாயிருச்சு"ன்னு நம்பிட்டு வீட்டுக்கு வருவேன். கடைக்குக் கொண்டு போனா லைட் ரெண்டும் அழகா எரியும், அவங்களும் என்ன பண்ணுவாங்க, எரியுற லைட்ல என்னத்தைத் தேடுறது. அவங்களை நான் குறை சொல்லல. நானேதான் பார்ட்ஸ் மாத்துங்கனு அவசரப்பட்டேன்.

இந்த கொஞ்ச நாள் சரியாகிற விஷயம் ஏன் நடக்குதுங்கிறது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. பல்பு மாத்தும்போது பின்னாடி ஒயரோட வர்ற பிளக்கை, அதான் கப்ளரைப் பிடுங்கி, ஒயரை இழுத்துத் திருப்பி, மறுபடி அழுத்திச் சொருகுறோம் இல்லையா, அந்த உராய்வுல பின் மேல ஏறியிருக்கிற களிம்பு கொஞ்சம் சுரண்டுப்படுது, ஒயர் இழுபட்டதுல வேற எங்கயோ லூசா இருந்த இடமும் கொஞ்சம் இறுக்கமா உட்காருது. ரிலேக்கும் அதே கதைதான், புது ரிலேவோட கால் பளபளன்னு இருக்கும், தளர்ந்த சாக்கெட்டுலயும் கொஞ்ச நாள் பிடிச்சு நிக்கும். ஆக நாம மாத்தின சாமான் சரி பண்ணல, மாத்தும்போது கை பட்டதுதான் சரி பண்ணுச்சு. இது தெரியாதவரைக்கும் சாமான் வாங்கிட்டே இருப்போம்.

பெரிய பயம் வந்தது 2022 நவம்பர்ல. மாமியார் வீடு வால்பாறை, அங்க இருந்து பொள்ளாச்சிக்கு இறங்குறோம், சாயங்காலம் ஆறரை இருக்கும், வண்டியில சம்சாரம், ரெண்டு பசங்க. கவர்க்கல்லயே மூடுபனி அடிச்சுட்டு இருந்துச்சு, உள்ள கண்ணாடி மங்குதுனு ஏசி போட்டிருந்தேன். ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலைப்பாதை அது. பாதி வளைவு இறங்கியிருப்போம், ஒரு வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்புறேன், ரெண்டு லைட்டும் ஒரே நேரத்துல அணைஞ்சு போச்சு. ஒண்ணுமே தெரியல. "என்னங்க, லைட்டுங்க!"ன்னு சம்சாரம் கத்தினது இன்னும் காதுல இருக்கு. கை தானா லீவரை இழுத்துருச்சு, பிரைட் வந்துருச்சு. பனியில பிரைட் அடிச்சா முன்னாடி வெள்ளைச் சுவர் மாதிரிதான் தெரியும், ஆனாலும் ரோட்டோரக் கல்லு தெரிஞ்சுது, ஓரமா நிறுத்திட்டேன். இஞ்சினை அணைச்சு ஒரு பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா டிம் பழையபடி எரியுது. அதுக்கப்புறம் கீழ இறங்குற வரைக்கும் முன்னாடி போன எஸ்டேட் லாரியோட பின் லைட்டைப் பிடிச்சிட்டே வந்தேன்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் இனி ஒரு சாமானும் வாங்கறதில்ல, முதல்ல ஃபால்ட்டைக் கண்ணால பார்க்கணும்னு முடிவு பண்ணினேன்.

வீட்டு காம்பவுண்ட் சுவருக்கு நேரா, மூணு மீட்டர் தள்ளி, நைட்டு எட்டு மணிக்கு வண்டியை நிறுத்தி, இஞ்சின் ஓட விட்டு டிம் லைட் போட்டேன். சுவர் மேல ரெண்டு வெளிச்சத் திட்டும் பக்கத்துல பக்கத்துல விழும், எது கொஞ்சம் மங்கினாலும் பளிச்சுனு தெரிஞ்சிரும். செல்போனை ஸ்டாண்டுல வச்சு டாஷ்போர்டும் சுவரும் சேர்ந்து தெரியுற மாதிரி வீடியோ ஓட விட்டேன், 40 நிமிஷம். அப்புறம் உட்கார்ந்து வீடியோவை ஓட்டிப் பார்த்தா, பதினெட்டாவது நிமிஷத்துல இடது பக்கம் மங்குது, அதே நேரத்துல டாஷ்போர்டுல இருக்கிற நீல கலர் பிரைட் இண்டிகேட்டர் லேசா, ரொம்ப லேசா எரியுது! நான் பிரைட் போடவே இல்ல. இன்னொண்ணு, வீடியோவுல சத்தத்தைக் கூட்டிக் கேட்டா, மங்குறதுக்கு அரை செகண்டுக்கு முன்னாடி ரேடியேட்டர் ஃபேன் ஆன் ஆகுற சத்தம். ஃபேன் நின்னதும் லைட் சரியாகுது. ஏசி போட்டா ஃபேன் அடிக்கடி ஓடும், மழை நாள்ல கண்ணாடி மங்குதுனு நாம ஏசி போடுவோம். ஒரு வருஷமா மழைத் தண்ணினு நாங்க எல்லாரும் நினைச்சது தண்ணியே இல்ல, ஃபேன்.

இந்த வீடியோவை எடுத்துட்டு பொள்ளாச்சியில ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட போனேன். ரெண்டு தடவை பார்த்தார், "எர்த்து தம்பி, இடது பக்க எர்த்து போயிருச்சு, ஃபேனும் அதே போல்ட்டுலதான் இருக்கும்"னார். எர்த்துனா பல்புக்குப் போன கரண்ட் பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்புற இணைப்பு. நீல லைட் ஏன் எரியுதுனு கேட்டேன், பொறுமையா பேப்பர்ல வரைஞ்சு காட்டினார். ஹெச் 4 பல்புல டிம்முக்கு ஒரு ஃபிலமென்ட், பிரைட்டுக்கு ஒரு ஃபிலமென்ட், ரெண்டுக்கும் சேர்த்து ஒரே எர்த் பின். அந்த எர்த் அறுந்தா டிம் ஃபிலமென்ட்டுக்கு வந்த கரண்ட் இறங்க வழி இல்லாம பிரைட் ஃபிலமென்ட் வழியா பின்னால ஏறி, பிரைட் ஒயர் வழியா வலது பக்க பல்புக்குப் போய் அங்க எர்த் ஆகும். அந்தப் பிரைட் ஒயர்லதான் நீல இண்டிகேட்டரும் இருக்கு, அதனால அதுவும் மினுங்குது. டிம் போட்டிருக்கும்போது ஒரு பக்கம் மங்கி நீல லைட் லேசா எரிஞ்சா வேற எதையும் தொடாம மங்கின பக்கத்து எர்த்தை முதல்ல பாருங்க. (பிளஸ்ஸை ஸ்விட்ச் பண்ற வண்டிக்குத்தான் இது அப்படியே பொருந்தும், சில ஜப்பான் வடிவமைப்பு வண்டிகள்ல பல்புக்கு நேரா பிளஸ் வந்து மைனஸ் பக்கம்தான் ஸ்விட்ச் ஆகும், அங்க ஒயரிங் டயகிராம் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.)

அவர்கிட்ட கத்துக்கிட்டதுல ரொம்ப முக்கியமானது டெஸ்ட் பண்ற முறை. முந்தின கடையில மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தாங்க, கப்ளரைக் கழட்டிட்டு பின்ல வச்சா 12.5 வோல்ட் காட்டுச்சு, எல்லாம் சரினு சொல்லிட்டாங்க. இவர் சொன்னார், "ஒயர் உள்ள எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டருக்கு அது போதும் தம்பி, முழு வோல்ட் காட்டும், ஆனா பல்புக்குப் பத்தாது." 55 வாட்ஸ் பல்பு நாலரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், மீட்டர் ஒண்ணுமே இழுக்காது, அதான் வித்தியாசம். அதனால கப்ளரைக் கழட்டாம, லைட் எரிஞ்சிட்டு இருக்கும்போதே, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொரு முனையை பல்பு எர்த் பின்னோட பின்பக்கத்துலயும் வச்சுப் பார்க்கணும். அங்க வோல்ட்டேஜே இருக்கக் கூடாது, 0.1, மிஞ்சிப் போனா 0.2 வரைக்கும் பரவால்ல. எனக்கு வலது பக்கம் 0.08 காட்டுச்சு. இடது பக்கம் ஃபேன் ஓடாதப்ப 0.5, ஃபேன் ஓடும்போது 1.8, அந்த ஒயரைப் பிடிச்சு லேசா ஆட்டினா 5 வோல்ட் வரைக்கும் எகிறுது. அந்த நம்பரைப் பார்த்தப்ப எனக்கு வந்த நிம்மதி இருக்கே, 14 மாசத்துல முதல் தடவையா ஃபால்ட்டு கைக்கு சிக்கியிருக்கு.

பேட்டரி மைனஸைக் கழட்டி வச்சுட்டு, இடது ஹெட்லைட்டுக்குப் பின்னாடி பாடியில இருந்த 10 நம்பர் போல்ட்டைக் கழட்டினா உள்ள துரு, ரெண்டு ஒயர் லக்கும் (ஒயர் முனையில இருக்கிற வளையம்) ஒண்ணு மேல ஒண்ணா பச்சை பூத்து உட்கார்ந்திருக்கு. எமரி பேப்பர் போட்டு பாடி மெட்டல் தெரியுற வரைக்கும் தேய்ச்சு, புது லக்கை ஒயர்ல நசுக்கிப் பிடிக்க வச்சு, அதாவது கிரிம்ப் பண்ணி, பல்லு வச்ச வாஷர் போட்டு இறுக்கி, மேல வாசலின் தடவினார். கூடவே அந்த போல்ட்டுல இருந்து பேட்டரி மைனஸுக்கு நேரா ஒரு தடிமன் ஒயரும் இழுத்தார். அதுக்கப்புறம் ஃபேன் சத்தமே மாறிருச்சு, வேகமா சுத்துது, டவுனுக்குள்ள டிராஃபிக்ல டெம்பரேச்சர் முள்ளு கொஞ்சம் ஏறிட்டே இருந்ததுக்கும் இதுதான் காரணம்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

ஆனா மலையில ரெண்டு லைட்டும் அணைஞ்சதுக்கு இது காரணம் இல்ல. இடது பக்க எர்த் போனா வலது பக்கம் ஏன் அணையணும்? இங்க நான் நிறுத்தியிருந்தா மறுபடி மலையில இருட்டுல நின்னிருப்பேன். யோசிச்சுப் பார்த்தா அன்னிக்கு லீவரை இழுத்ததும் பிரைட் வந்துச்சு. ஃப்யூஸ் இந்த வண்டியில இடது வலது தனித்தனி, ரெண்டும் ஒண்ணா போய் பத்து நிமிஷத்துல தானா திரும்பி வராது. அப்ப ரெண்டு டிம்முக்கும் பொதுவான இடம், சூடானா விட்டுப்போய் ஆறினா ஒட்டுற இடம். டிம் ரிலே சாக்கெட்.

ரிலேவைப் பிடுங்கிப் பார்த்தா சாக்கெட்டுல ஒரு ஓட்டையைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருக்கு, உள்ள இருக்கிற டெர்மினல் பிடிப்பே இல்லாம வாயைப் பிளந்துட்டு நிக்குது. கால் நல்லா பிடிக்கலேன்னா அங்க சூடாகும், சூடானா இன்னும் தளரும், இன்னும் சூடாகும். பழைய ஓனர் 100/90 வாட்ஸ் பல்பு போட்டு ஓட்டியிருந்தார், வாங்கினப்ப நான்தான் கழட்டி 60/55 போட்டேன். 90 வாட்ஸ் பல்பு ரெண்டு சேர்ந்தா 15 ஆம்பியர் போகும், அந்த ஒயரும் சாக்கெட்டும் 9 ஆம்பியர் அளவுக்குப் போட்டது. பல வருஷத்துக்கு முன்னாடி நடந்த சேதம் எனக்கு இப்ப வந்து நின்னுச்சு. உறுதி பண்ண சம்சாரத்தோட ஹேர் டிரையரை எடுத்து சாக்கெட்டுல மட்டும் சூடு காட்டினோம், ஆறாவது நிமிஷம் ரெண்டு டிம்மும் அணைஞ்சுது, ஆற விட்டா வந்துது. மூணு தடவை செஞ்சோம், மூணு தடவையும் அப்படியே. டெர்மினலை வெட்டிட்டு 2.5 ஸ்கொயர் மி.மீ. ஒயர்ல புது டெர்மினல் கிரிம்ப் பண்ணிச் சொருகினார், பல்பு கப்ளர் ரெண்டும் ஓரம் கருகியிருந்ததால செராமிக் ஹோல்டர் போட்டார். சாமான் கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபா. அதுக்கு முன்னாடி நான் செலவு பண்ணினது ஏழாயிரத்துக்குப் பக்கம்.

இஞ்சின் ஓடும்போது பேட்டரியில 13.9 வோல்ட், இடது பல்புல முன்னாடி 11.6தான் வந்துட்டு இருந்துச்சு, இப்ப 13.4. கேக்குறப்ப சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனா ஹாலஜன் பல்புல வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலே வெளிச்சம் பல மடங்கு வேகமா விழும், 10 சதவீதம் வோல்ட் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் வரைக்கும் போயிரும். ஃபால்ட்டு வராத நாள்லயும் நான் பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்த வெளிச்சத்துலதான் ஓட்டிட்டு இருந்திருக்கேன். வெளிச்சம் பத்தலனு எல்இடி பல்பு போடலாமான்னு அப்ப யோசிச்சதுண்டு, நல்லவேளை போடல. ஹாலஜனுக்குனு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடி போட்டா வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், மலைப்பாதையில அது ஆபத்து.

அதுக்கப்புறம் 28,000 கிலோமீட்டர் ஓட்டியாச்சு, வால்பாறைக்கே எத்தனையோ தடவை போயிட்டு வந்தாச்சு, ஒரு தடவை கூட லைட் மங்கல. ஒரே ஒரு குறை செராமிக் ஹோல்டர்ல வந்துச்சு, ஒன்றரை வருஷத்துல வலது பக்க ஹோல்டர் விரிசல் விட்டிருந்துது, உள்ள பின் பிடிப்பும் சுமார்தான். கடையில கையில வாங்கிப் பார்க்கும்போது பல்பைச் சொருகிப் பாருங்க, இழுத்தா எளிதா வர்ற ஹோல்டர் வேண்டாம். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒதுக்கி எர்த் போல்ட்டைப் பார்க்குறேன், ரிலே காலைத் தொட்டுப் பார்க்குறேன், ரெண்டு பக்கமும் மீட்டர் வைக்கிறேன். போன மாசம் பார்த்தப்ப இடது 0.06, வலது 0.09. வலது பக்க போல்ட்டையும் அடுத்த ஞாயித்துக்கிழமை கழட்டித் தேய்ச்சிரணும்.