நாள்பட்ட வலிக்கு டிரமடால்ங்கிற வலி மாத்திரையா, பிசியோவும் கவுன்சிலிங்குமா?
காசிமேட்டுல மீன் பாக்ஸ் தூக்கி தூக்கி இடுப்பு போன எங்க மாமாவுக்கு ரெண்டுமே பாத்துட்டோம். டிரமடால் போட்டா கொஞ்ச நேரத்துல வலி அடங்கும், ஆனா கூடவே வேலை போன கவலையும் கடன் பயமும் அடங்குற மாதிரி இருக்கும், அங்கதான் சிக்கலே, வலி இல்லாத நாள்லயும் கை மாத்திரை அட்டையத் தேடும், போகப் போக ஒண்ணு பத்தாது. 2018ல இத போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டுவந்தது சும்மா இல்லங்க.

பிசியோவும் கவுன்சிலிங்கும் மெதுவாத்தான் வேலை செய்யும், ஆனா ராத்திரில்லாம் சுவத்தப் பாத்து படுத்துக் கெடந்த மனுஷன் வாயத் தொறந்து பேசுனதே அதுலதான். நாள்பட்ட வலிக்கு என் ஓட்டு இதுக்குத்தான். ஏற்கனவே மாத்திரை எடுக்குறவங்க திடீர்னு நிறுத்தாதீங்க, வேர்த்து நடுங்கிரும், டாக்டர்கிட்ட சொல்லி கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க.