உள்மூடியா, வெளிமூடியா: குக்கர் வாங்கும் முன் மூடியைப் பாருங்கள்

புது குக்கர் எது நல்லது என்று கேட்டால் எல்லோரும் பிராண்டு பேரைத்தான் சொல்கிறார்கள். நான் மூடியைப் பாருங்கள் என்பேன். மூடி பாத்திரத்துக்கு வெளியே மாட்டுகிறதா, உள்ளே போய் நிற்கிறதா என்பதிலேயே பாதி விஷயம் அடங்கிவிடுகிறது.

சேலத்தில் எங்கள் வீட்டில் 12 வருடம் ஓடியது வெளிமூடி. வசதி என்றால் அதுதான், மறுக்கவே முடியாது. வாய் அகலம் என்பதால் அடுக்கில் கீழே பருப்பு, மேலே சாதம், அதற்கும் மேல் ஒரு கிண்ணத்தில் உருளைக்கிழங்கு என்று வைத்தால் காலைச் சமையல் ஒரே ஏற்றத்தில் முடிந்துவிடும், கழுவவும் சுலபம். ஆனால் ஒரு நாள் ஆவி முழுதாக அடங்குவதற்குள் அம்மா கைப்பிடியைத் திருப்பிவிட்டார். இறுக்கமாக இருந்ததாம், கேஸ்கட்தான் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து அழுத்தித் திருப்பியிருக்கிறார். மூடி எகிறி, கொதிக்கிற பருப்பு முன்கையில் கொட்டியது. தழும்பு இன்னும் இருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் "பார்த்துத் திறந்திருக்கலாமே" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு நாலு பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறவர் அவசரப்படத்தான் செய்வார், அது தெரிந்துதானே பொருளைச் செய்ய வேண்டும்?

ஏற்காட்டில் சித்தி வீட்டில் உள்மூடி. அங்கே குக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் மொச்சை வேக நேரம் பிடிக்கும். உள்மூடி கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும். சாய்த்து உள்ளே விட்டு, திருப்பி, மேலே தூக்கிக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். ஆவி ஏற ஏற அதுவே மூடியை விளிம்போடு சேர்த்து அழுத்துகிறது. வாய் 16 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் 200 கிலோ பாரம் கீழிருந்து தாங்குகிறது. மூடியைத் திறக்க அதை உள்ளே தள்ள வேண்டும், யார் கையால் முடியும்? ஆவி அடங்கினால்தான் மூடி தளர்ந்து இறங்கும். ஆபத்தாக இருக்கும் அதே ஆவியைப் பூட்டாக மாற்றிய அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

வெயிட், சேஃப்டி வால்வு இரண்டிலும் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம். சில புது வெளிமூடிகளில் அழுத்தம் இருக்கும்வரை கைப்பிடியைத் திருப்ப விடாத பூட்டு வருகிறது, நல்லதுதான்; ஆனால் அது பின்னால் சேர்த்த ஓர் உறுப்பு, அழுக்கு அடைத்தால் சிக்கலாம். உள்மூடிக்கு வடிவமே பூட்டு.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. வாய் குறுகல், அகல அடுக்கு உள்ளே போகாது, தோள்பகுதியில் ஒட்டியதைத் தேய்க்கக் கை வலிக்கும். பெரிய குடும்பம், தினமும் அடுக்குச் சமையல் என்றால் பூட்டு வைத்த வெளிமூடியே வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்கு நான் உள்மூடிதான் எடுத்தேன், சாதத்துக்கு வேறு பாத்திரம் வைத்துக்கொண்டோம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: சமைக்கிறவரையே கடைக்குக் கூட்டிப்போய், பெட்டியைப் பிரித்து, அவர் கையாலேயே பத்துத் தடவை மூடித் திறக்கச் சொல்லுங்கள். சின்னக் கடைவீதியில் அம்மாவுக்கு முதல் மூன்று தடவை மூடி கோணிக்கொண்டு நின்றது. நாலாவது தடவை, என்னிடம் பேசிக்கொண்டே மாட்டிவிட்டார்.