கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை: சரக்கும் பணிச்சூழலும்

கும்பகோணம் கடைத்தெருவில் இருக்கும் இந்த ஜவுளிக்கடையில் பட்டும் நூல் புடவைகளும் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன, ரகங்களுக்கும் குறைவில்லை. ஆனால், பட்டு வேண்டுமென்றால் பக்கத்திலேயே திருபுவனம் இருக்கும்போது, ஒரு கடையைத் தேடிப் போக விலை மட்டும் காரணமாகிவிடாது. அங்கே வேலை பார்ப்பவர்கள் நடத்தப்படும் விதத்துக்காகவே நான் இக்கடையைப் பரிந்துரைக்கிறேன்.

முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருந்தபோது, அரக்கு நிறப் பட்டு ஒன்றை விரித்துக் காட்டிய விற்பனைப் பெண், முந்தானையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வேண்டாங்க, இந்த இடத்துல இழை விட்டிருக்கு, வேற எடுத்துத் தர்றேன்" என்று தானாகவே மடித்து வைத்தார். அருகில் நின்ற மேற்பார்வையாளர் அதட்டவில்லை. புடவையின் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கோடு சேர்த்துவைக்கச் சொன்னார். விற்பனை கைநழுவினால் நாலு பேர் முன்னிலையில் திட்டு விழும் கடையில் இப்படியொரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வராது. குறையை மடிப்புக்குள் மறைத்து விற்கத்தான் அந்தப் பயம் பழக்கும். வேறொரு கடையில் அப்படி விற்கப்பட்ட புடவையை வாங்கிவந்து, மாற்றித் தர முடியாது என்ற பதிலையும் கேட்டவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பிரிவிலும் ஊழியர்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். நாள் முழுதும் நின்றே வேலை பார்ப்பதால் கால் வீக்கமும் நரம்புச் சுருட்டும் வருவதைக் கருதி, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, இருக்கை வசதியைக் கட்டாயமாக்கினார்கள். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. ஆனாலும் ஸ்டூல் இருந்தும் உட்காரத் துணியாத ஊழியர்களைப் பல கடைகளில் பார்க்கலாம். இங்கோ, கூட்டம் குறைந்த பிற்பகலில் முதலாளி கடந்து போனபோதும் உட்கார்ந்திருந்த பெண்கள் பதறி எழவில்லை. அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகளாக அதே முகங்களை இக்கடையில் பார்க்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

குறையும் உண்டு. பில் போடும் இடத்தில் ஒரே ஆள் இருப்பதால் வரிசை நீள்கிறது. அதைவிட முக்கியமாக, ஆடித் தள்ளுபடி நாட்களில் ஊழியர்களின் மதியச் சாப்பாடு மாலை நான்கு மணிவரை தள்ளிப்போகிறது. கூட்டத்தைக் காரணம் காட்டாமல், முறை வைத்துச் சாப்பிட அனுப்ப முதலாளி வழிசெய்ய வேண்டும். தீபாவளி விற்பனை தொடங்கும் முன்பே அதைச் செய்வது நல்லது.